கருவிலேயே முகம் பார்க்கும் ஸ்கேன்: உதட்டு பிளவு, கழுத்து நீர், தொண்டை கட்டி... எந்த மாதத்தில் எது தெரியும்?

"குழந்தைக்கு கை, கால் எல்லாம் நல்லா இருக்கா டாக்டர்?"

ஸ்கேன் அறையில் கர்ப்பிணி பெண்கள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். கூட வந்த மாமியார் கேட்பதும் இதுதான். முகம் எப்படி இருக்கு, கழுத்து எப்படி இருக்கு என்று கேட்பவர்கள் ரொம்ப குறைவு. ஆனால் கருவியை வயிற்றில் வைத்ததும் டாக்டரின் கண் தேடி போகும் இடங்களில் முகமும் கழுத்தும் முக்கியமானவை. குழந்தையின் உடம்புக்குள் இருக்கும் பல பிரச்சினைகளுக்கு அங்கேதான் முதல் துப்பு கிடைக்கிறது.

அதை எந்த வாரத்தில் பார்க்க வேண்டுமோ அந்த வாரத்தில் பார்க்க வேண்டும். வளைகாப்பு முடிந்து ஏழாம் மாதத்தில் முதல் ஸ்கேனுக்கு வருகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அப்போது ஒரு குறை தெரிந்தால் யோசிக்க நேரம் இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்கு போய் இன்னொரு டாக்டரிடம் காட்டவும் நேரம் இல்லை. சட்டம் தரும் அவகாசமும் கிட்டத்தட்ட முடிந்து போயிருக்கும்.

எக்ஸ்ரே அல்ல... சத்தம்!

ஸ்கேன் என்றதும் "கதிர் வீச்சு குழந்தையை பாதிக்குமா" என்று பயப்படுகிறவர்கள் உண்டு. கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் எக்ஸ்ரே கதிர் கிடையாது. அது வெறும் ஒலி அலைதான். மனித காதுக்கு கேட்கும் சத்தம் நொடிக்கு 20 ஆயிரம் அதிர்வுகளோடு நின்று விடும். ஸ்கேன் கருவி அனுப்புவது நொடிக்கு 20 லட்சம் முதல் 70 லட்சம் அதிர்வுகள். அது குழந்தையின் மீது பட்டு திரும்பி வருகிறது. அந்த எதிரொலியை வைத்து கம்ப்யூட்டர் படம் போடுகிறது.

இதை மருத்துவத்துக்கு கொண்டு வந்தவர்களில் முக்கியமானவர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரை சேர்ந்த டாக்டர் இயன் டொனால்டு. இரும்பு தகட்டில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க தொழிற்சாலைகளில் வைத்திருந்த கருவியை எடுத்து பெண்களின் வயிற்றை சோதித்தார். 1958-ல் அவரது குழுவினர் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட கட்டுரைதான் இன்றைய பிரசவ ஸ்கேனுக்கு பிள்ளையார் சுழி.

மூன்றாம் மாதம்: கழுத்துக்கு பின்னால் ஒரு கோடு

கடைசியாக மாதவிலக்கான முதல் நாளில் இருந்து கணக்கு போட்டு 11 வாரம் முதல் 13 வாரம் 6 நாள் வரை ஒரு ஸ்கேன் எடுப்பார்கள். "என்.டி. ஸ்கேன்" என்று சீட்டில் எழுதி இருக்கும். அந்த சமயத்தில் குழந்தையின் நீளம், தலை உச்சியில் இருந்து பிட்டம் வரை, 45 முதல் 84 மில்லி மீட்டர்தான். ஆள் காட்டி விரல் அளவு என்று வைத்து கொள்ளுங்கள். அதற்குள் அதன் கழுத்துக்கு பின்பக்கம் தோலுக்கு அடியில் மெல்லிசாக கொஞ்சம் நீர் தேங்கி இருக்கும். எல்லா குழந்தைகளுக்கும் இருக்கும். அந்த நீரின் தடிமனைத்தான் அளக்கிறார்கள்.

பெரும்பாலான குழந்தைகளுக்கு இது 1 முதல் இரண்டரை மில்லி மீட்டருக்குள் இருக்கும். மூன்றரை மில்லி மீட்டரை தாண்டுவது 100 குழந்தைகளில் ஒன்றுக்குத்தான். குழந்தை தலையை பின்னால் சாய்த்திருந்தால் அளவு கூடும். தாடையை நெஞ்சில் இடித்து கொண்டிருந்தால் குறையும். அதனால்தான் "பாப்பா சரியா திரும்பலை, கொஞ்சம் நடந்துட்டு வாங்கம்மா" என்று வெளியே அனுப்புகிறார்கள். பலருக்கு இது எரிச்சல். அரை மில்லி மீட்டர் வித்தியாசத்தில் ஒரு குடும்பமே தூக்கம் இல்லாமல் தவிக்கும் விஷயம் என்பதால், அவசரப்படாத டாக்டர்தான் நல்ல டாக்டர்.

கழுத்து நீருக்கும் மன வளர்ச்சி குறைபாட்டுக்கும் என்ன சம்பந்தம்? இங்கிலாந்து டாக்டர் லாங்டன் டவுன் 1866-லேயே ஒரு வகை குழந்தைகளை பற்றி எழுதினார். மூக்கு சின்னது, தோல் உடம்புக்கு பெரிசாக தொளதொளவென்று இருக்கிறது என்றார். அவர் பெயரில்தான் "டவுன் சிண்ட்ரோம்" என்கிறோம். அந்த தொளதொள தோல், கருவில் கழுத்துக்கு பின்னால் நீராக தெரிகிறது என்பதை லண்டன் கிங்ஸ் காலேஜ் ஆஸ்பத்திரி டாக்டர் கிப்ரோஸ் நிக்கோலெய்டஸ் குழுவினர் 1992-ல் எடுத்து காட்டினார்கள். அதே லண்டனில் 2001-ல் இன்னொரு அடையாளமும் வெளியானது. டவுன் குறைபாடு உள்ள கருக்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்கு இந்த வாரங்களில் மூக்கு எலும்பு ஸ்கேனில் தெரிவது இல்லை. ரிப்போர்ட்டில் "நேசல் போன் தெரிகிறது" என்று ஒரு வரி வருவது இதனால்தான். நல்ல குழந்தைகள் சிலருக்கும் அந்த எலும்பு தாமதமாக தெரியும் என்பதை மறக்க கூடாது.

கழுத்து அளவோடு அம்மாவின் வயது, "டபுள் மார்க்கர்" ரத்த பரிசோதனை மூன்றையும் சேர்த்து பார்த்தால் டவுன் குறைபாடு உள்ள 100 கருக்களில் சுமார் 90-ஐ அடையாளம் காண முடியும். இன்னொரு பக்கமும் இருக்கிறது. இதே சோதனையில் ஒன்றும் இல்லாத 100 அம்மாக்களில் 5 பேருக்கும் "சந்தேகம்" என்று வரும். சந்தேகம் என்றால் சந்தேகம் மட்டும்தான். அதை உறுதி செய்ய நஞ்சு கொடியில் இருந்து கொஞ்சம் திசு எடுத்தோ, 15 வாரம் கடந்த பிறகு பனிக்குட நீர் எடுத்தோ குரோமோசோமை சோதிப்பார்கள். இதில் கரு கலையும் ஆபத்து சிறிய அளவில் உண்டு. ஊசி வேண்டாம் என்பவர்களுக்கு அம்மாவின் ரத்தத்திலேயே குழந்தையின் மரபு பொருளை தேடும் பரிசோதனை இப்போது வந்து விட்டது. அதுவும் முடிவான தீர்ப்பு அல்ல. தவிர, கழுத்து நீர் மூன்றரை மில்லி மீட்டரை தாண்டி விட்டால் ஸ்கேன் டாக்டர்கள் பெரும்பாலும் ஊசி சோதனையைத்தான் சொல்வார்கள்.

குரோமோசோம் நார்மல் என்று வந்து விட்டால்? அதோடு விட்டு விட மாட்டார்கள். கழுத்து நீர் அதிகம் இருந்த குழந்தைகளுக்கு இதய கோளாறு வரும் வாய்ப்பு மற்றவர்களை விட கூடுதல். எனவே ஐந்தாம் மாதம் இதயத்துக்கு என்று தனி எக்கோ ஸ்கேன் எடுக்க சொல்வார்கள். அதிலும் ஒன்றும் இல்லை என்றால் பெரும்பாலான குழந்தைகள் நல்லபடியாகவே பிறக்கின்றன. "கழுத்துல தண்ணி இருக்குன்னு சொல்லிட்டாங்க" என்று அழுதபடி கருவை கலைக்க கிளம்புகிறவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்க வேண்டும்.

தேன் கூடு போல இருந்தால்...

சில குழந்தைகளுக்கு நீர் மெல்லிய கோடாக இருக்காது. கழுத்தின் பின்புறமும் இரண்டு பக்கமும் பை பையாக வீங்கி, நடுவில் தடுப்பு சுவர்களோடு தேன் கூடு மாதிரி தெரியும். "சிஸ்டிக் ஹைக்ரோமா" என்பார்கள். உடம்பில் நிணநீர் ஓடும் குழாய்கள் கழுத்து நரம்போடு சரியாக போய் சேராததால் நீர் தேங்கி விடுகிறது.

மூன்றாம் மாதத்தில் இது தெரிந்தால் விஷயம் கொஞ்சம் கனமானது. சுமார் பாதி பேருக்கு குரோமோசோம் குறை இருக்கிறது. மீதி உள்ளவர்களிலும் இதய கோளாறு போன்றவை பலருக்கு உண்டு. உடம்பு முழுக்க நீர் கோர்த்து கொண்டால் வயிற்றிலேயே இறந்து விடும் குழந்தைகளும் உண்டு. ஆனால் சில குழந்தைகளுக்கு வாரங்கள் போக போக நீர் வடிந்து, பிறக்கும்போது கழுத்தில் லேசான தோல் மடிப்பு மட்டும் மிஞ்சி இருக்கும்.

கர்ப்பத்தின் பிற்பகுதியில் கழுத்தின் முன்னால் அல்லது பக்கவாட்டில் புதிதாக வரும் நீர் கட்டி வேறு ரகம். அதில் குரோமோசோம் பயம் குறைவு. குழந்தை மூச்சு விட இடம் இருக்குமா என்பதுதான் அங்கே கேள்வி.

ஐந்தாம் மாதம்: உதட்டை தேடும் கண்

18 முதல் 20 வாரத்தில் எடுப்பது "அனாமலி ஸ்கேன்". நம்ம ஊரில் "டிஃபா ஸ்கேன்" என்று சொன்னால்தான் பலருக்கு புரியும். தலை முதல் கால் வரை உறுப்பு உறுப்பாக பார்க்கும் ஸ்கேன் இது. முகத்தை பொறுத்தவரை குறைந்தபட்சம் மேல் உதட்டையாவது பார்க்க முயற்சி செய்ய வேண்டும் என்று மகப்பேறு ஸ்கேன் டாக்டர்களின் சர்வதேச சங்கம் 2010-ல் வெளியிட்ட வழிகாட்டியில் சொல்லி இருக்கிறது. நல்ல சென்டர்களில் அதோடு நிறுத்துவது இல்லை. இரண்டு கண் குழி, மூக்கு துவாரம், பக்கவாட்டு முக தோற்றம், தாடை எல்லாவற்றையும் பார்த்து விடுகிறார்கள்.

எப்படி பார்க்கிறார்கள்? கண்ணாடி முன்னால் முகத்தை வைத்து மூக்கு நுனி, உதடு, தாடை மட்டும் தெரிகிற மாதிரி ஒரு வெட்டு தோற்றம் எடுப்பார்கள். மூக்கு துவாரத்துக்கு கீழே மேல் உதடு ஒரே கோடாக ஓட வேண்டும். நடுவில் கருப்பாக ஒரு பிளவு தெரிந்தால், அதுதான் உதட்டு பிளவு. பிறகு மேல் ஈறு வரை பிளவு போகிறதா என்று குறுக்கு வாட்டில் பார்ப்பார்கள். மூன்றாம் மாத ஸ்கேனிலேயே மூக்குக்கு பின்னால் உள்ள எலும்பு முக்கோணத்தை வைத்து இதை சந்தேகிக்கும் முறைகளும் இப்போது இருக்கின்றன.

சரி, ஸ்கேனில் எல்லாமே தெரிந்து விடுமா? தெரியாது. குழந்தை அம்மாவின் முதுகு பக்கம் திரும்பி படுத்திருந்தால் முகம் கிடைக்காது. கையை முகத்தின் மேல் வைத்து கொண்டு ஒரு மணி நேரம் எடுக்காத குழந்தைகள் உண்டு. அம்மா பருமனாக இருந்தால் படம் மங்கும். எல்லாவற்றையும் விட பெரிய சிக்கல், உள் அண்ணம். உதடு நன்றாக இருந்து, வாயின் மேல் கூரையான அண்ணத்தில் மட்டும் பிளவு இருந்தால், சுற்றி இருக்கும் எலும்பின் நிழலில் அது மறைந்து விடும். அந்த வகையை சாதாரண ஸ்கேனில் பெரும்பாலும் கண்டுபிடிக்க முடிவது இல்லை. "ஸ்கேன் நார்மல்னு சொன்னீங்களே" என்று பிரசவத்துக்கு பிறகு சென்டரில் போய் சண்டை போடுகிறவர்கள் இதையும் கணக்கில் எடுத்து கொள்ள வேண்டும்.

கிரகணத்தை குற்றம் சொல்லாதீங்க!

உலகம் முழுவதும் சுமார் 700 குழந்தைகளில் ஒன்று உதட்டு பிளவு அல்லது அண்ண பிளவோடு பிறக்கிறது. அப்படி ஒரு குழந்தை பிறந்து விட்டால் ஊரில் முதலில் கேட்பது, "கிரகணத்தப்போ வெளிய வந்தியா? அரிவாள்மணையில காய் நறுக்குனியா?" என்பதுதான். 2019 டிசம்பர் 26-ல் கோவை, திண்டுக்கல் பகுதியில் வளைய சூரிய கிரகணம் தெரிந்தபோதும் கதவை சாத்தி கர்ப்பிணிகளை இருட்டில் உட்கார வைத்த வீடுகள் உண்டு.

உண்மை என்ன? குழந்தையின் முகம் ஒரே துண்டாக உருவாவது இல்லை. மேலே இருந்து ஒன்று, இரண்டு கன்னத்து பக்கம் இருந்து இரண்டு, கீழே இருந்து இரண்டு என்று ஐந்து மொட்டுகள் வளர்ந்து வந்து நடுவில் ஒட்டுகின்றன. கண்ணாடியில் பாருங்கள். மூக்குக்கு கீழே மேல் உதட்டில் சின்ன பள்ளம் இருக்கிறதே, அதன் இரண்டு கரைகளும் அப்படி ஒட்டிய இடங்கள்தான். கருத்தரித்த 4-வது வாரத்தில் தொடங்கி 7-வது வாரத்துக்குள் இந்த வேலை முடிந்து விடும். அதாவது அம்மாவுக்கு மசக்கை வாந்தி ஆரம்பிக்கும் நேரத்தில் குழந்தைக்கு உதடு ஒட்டி கொண்டிருக்கிறது. அண்ணம் மூட 12-வது வாரம் வரை ஆகும். ஒட்ட வேண்டிய இடத்தில் ஒட்டாமல் விட்டு போனால் பிளவு. ஏழாம் மாதத்தில் வந்த கிரகணம், மூன்றாம் மாதத்துக்குள் ஒட்டி முடிந்த உதட்டை எப்படி பிரிக்கும்?

வலது பக்கத்தை விட இடது பக்கம் பிளவு வருவது அதிகம். ஏன் என்று கேட்டால் டாக்டர்களிடமே தெளிவான பதில் இல்லை. பரம்பரை ஒரு காரணம். வலிப்பு நோய்க்கு சாப்பிடும் சில மாத்திரைகள், கட்டுப்படாத சர்க்கரை நோய், புகை பழக்கம் ஆகியவையும் ஆபத்தை கூட்டுகின்றன. வலிப்பு மாத்திரை சாப்பிடும் பெண்கள் பயந்து போய் தாங்களாகவே நிறுத்தி விட கூடாது. வலிப்பு வந்தால் அம்மாவுக்கும் குழந்தைக்கும் உயிருக்கே ஆபத்து. கர்ப்பம் தரிக்கும் முன்பே டாக்டரை பார்த்து மாத்திரையை மாற்றி கொள்வதுதான் வழி. அக்கா மகள், மாமன் மகள் என்று சொந்தத்தில் கட்டியவர்கள் அதை ஸ்கேன் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லி விட வேண்டும். பல காரணங்கள் சேர்ந்து வரும் குறை என்பதால், "உன்னாலதான்" என்று யாரும் யாரையும் கை நீட்ட முடியாது. மருமகளை பார்த்து கை நீட்டுகிறவர்கள் குறிப்பாக!

ஸ்கேனில் உதட்டு பிளவு தெரிந்ததும் பல குடும்பங்களில் எடுக்கும் முதல் முடிவு, "வேண்டாம், எடுத்துடலாம்". இதுதான் டாக்டர்களை சங்கடப்படுத்தும் விஷயம். கூட வேறு குறை ஏதும் இல்லை என்றால், உதட்டு பிளவு சரி செய்ய கூடிய குறை. அந்த குழந்தையின் அறிவுக்கும் ஆயுளுக்கும் பங்கம் இல்லை. எனவே உதட்டை பார்த்ததும் டாக்டர் மறுபடி தலை, இதயம், முதுகு தண்டு, கை விரல் என்று எல்லாவற்றையும் அலசுவார். கூட இன்னொரு குறை இருந்தால் குரோமோசோம் பரிசோதனை. தனி குறை என்றால் அறுவை சிகிச்சை நிபுணரை இப்போதே ஒரு தடவை போய் பார்ப்பது நல்லது. ஆபரேஷனுக்கு முன், பின் எடுத்த போட்டோக்களை அவர் காட்டுவார். அதை பார்த்து விட்டு திரும்பும் அப்பா அம்மாவின் முகமே மாறி இருக்கும்.

உதட்டுக்கு 3 முதல் 6 மாதத்தில் ஆபரேஷன். அண்ணத்துக்கு ஒரு வயதை ஒட்டி, பேச்சு வருவதற்கு முன்னால். ஏன் அந்த அவசரம் என்றால், அண்ணம் மூடாத குழந்தைக்கு காற்று மூக்கு வழியாக போய் விடும். "அப்பா" என்று சொன்னாலும் கிட்டத்தட்ட "அம்மா" மாதிரி கேட்கும். காதுக்குள் நீர் கட்டி கேட்கும் திறனும் குறையலாம். ஈறில் பிளவு இருந்தால் 8 வயதுக்கு மேல் எலும்பு வைத்து அடைப்பார்கள். பேச்சு பயிற்சி, பல் சீரமைப்பு என்று பத்து பதினைந்து வருடம் தொடரும் வேலை இது. ஒரே ஆபரேஷனில் முடிந்து விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

செலவை நினைத்து கலங்க வேண்டாம். 1999-ல் அமெரிக்காவில் தொடங்கிய ஸ்மைல் டிரெயின் அமைப்பு, தமிழ்நாடு உள்பட இந்தியா முழுவதும் ஆஸ்பத்திரிகளோடு சேர்ந்து இலவசமாக ஆபரேஷன் செய்து தருகிறது. அப்படி சிகிச்சை பெற்ற உத்தரபிரதேச சிறுமியை பற்றிய "ஸ்மைல் பிங்கி" படம் 2009-ல் ஆஸ்கர் விருது வாங்கியது நினைவு இருக்கலாம். 2013-ல் தொடங்கிய மத்திய அரசின் தேசிய சிறார் நல திட்டத்திலும் இந்த குறைக்கு சிகிச்சை உண்டு.

முதல் சில மாதங்களில் பால் கொடுப்பதுதான் உண்மையான போராட்டம். அண்ண பிளவு இருந்தால் குழந்தையால் உறிஞ்ச முடியாது, பால் மூக்கு வழியாக வரும். இதற்கு நம்ம பாட்டிமார்கள் வைத்திருந்த சங்கும் பாலாடையும் கை கொடுக்கின்றன. தாய்ப்பாலை பீய்ச்சி, குழந்தையை நிமிர்த்தி பிடித்து, பாலாடையால் கொஞ்சம் கொஞ்சமாக புகட்ட வேண்டும். நடு நடுவே ஏப்பம் விட வைக்க வேண்டும். பிரசவத்துக்கு முன்பே குறை தெரிந்த அம்மா இதை கற்று கொண்டு தயாராக இருப்பார். பிரசவ வார்டில் திடீரென்று குழந்தையின் முகத்தை பார்த்து அதிர்கிற அம்மாவுக்கு அந்த வாய்ப்பு கிடையாது.

உள்ளே போன தாடை

பக்கவாட்டில் பார்க்கும்போது நெற்றி, மூக்கு, உதடு, தாடை வரிசையாக தெரிய வேண்டும். தாடை ரொம்ப உள்ளே போயிருந்தால் நாக்குக்கு இடம் போதாமல் பின்னால் விழுந்து மூச்சு பாதையை அடைக்கும். 1923-ல் பிரான்ஸ் டாக்டர் பியர் ராபின் இதை விவரித்ததால் அவர் பெயரே நிலைத்து விட்டது. இந்த குழந்தைகளில் பலருக்கு அண்ண பிளவும் சேர்ந்து இருக்கும். பிறந்ததும் மல்லாக்க படுக்க வைத்தால் மூச்சு திணறும். டாக்டர்கள் சொல்லும் முறையில் கவிழ்த்தோ பக்கவாட்டிலோ படுக்க வைத்தால் பலருக்கு சரியாகி விடும். சிலருக்கு குழாய் வைக்க வேண்டி வரும். அதனால் பச்சிளம் குழந்தைகளுக்கு தீவிர சிகிச்சை வசதி உள்ள இடத்தில் பிரசவம் பார்ப்பது அவசியம். பக்கத்து ஊர் நர்சிங் ஹோம் போதாது.

கண்கள் இரண்டும் மிக நெருங்கி இருப்பது, ஒரே கண் குழி, ஒரே மூக்கு துவாரம் போன்றவை அரிது. அப்படி இருந்தால் மூளை இரண்டு பாதியாக பிரியாமல் போயிருக்கலாம். முகத்தின் நடு பகுதியும் மூளையின் முன் பகுதியும் ஒரே சமயத்தில் கை கோர்த்து உருவாகிறவை. இதில் கடுமையான வகை குழந்தைகள் பிழைப்பது இல்லை.

தொண்டையில் கட்டி: கொடி அறுக்கும் முன் ஆபரேஷன்

கழுத்தின் முன்னால் கட்டி தெரிந்து, குழந்தை எப்போதும் தலையை பின்னால் வளைத்தபடியே இருந்தால் இரண்டு சந்தேகம் வரும்.

ஒன்று, தைராய்டு வீக்கம். அம்மாவுக்கு தைராய்டு அதிகமாக சுரக்கும் நோய் இருந்து அதை அடக்க மாத்திரை சாப்பிட்டால், அந்த மருந்து குழந்தைக்கும் போய் அதன் தைராய்டை அமுக்கும். சுரப்பி வீங்கி விடும். அம்மாவின் மாத்திரை அளவை குறைத்தாலே பல குழந்தைகளுக்கு வீக்கம் வடிகிறது. தேவைப்பட்டால் பனிக்குட நீரில் தைராய்டு மருந்தை ஊசியாக போடுவதும் உண்டு. பிறக்காத குழந்தைக்கு வைத்தியம்! இங்கே ஒரு எச்சரிக்கை. நம்ம ஊரில் பெரும்பாலான பெண்கள் காலையில் வெறும் வயிற்றில் சாப்பிடுவது தைராய்டு குறைவுக்கான மாத்திரை. அது வேறு. அதை நிறுத்தினால்தான் குழந்தைக்கு கெடுதல்.

இன்னொன்று, டெரட்டோமா என்ற கட்டி. இது கழுத்திலும் வரும், வாய்க்குள் இருந்தும் வளர்ந்து வெளியே தள்ளும். குழந்தை பனிக்குட நீரை விழுங்க முடியாததால் அம்மாவின் வயிற்றில் நீர் எக்கச்சக்கமாக சேரும். வாரத்துக்கு மீறி வயிறு பெருத்தால் டாக்டர் மறுபடி ஸ்கேன் எடுக்க சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். கட்டி மூச்சு குழாயை எவ்வளவு நெரிக்கிறது என்று பார்க்க எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள்.

இப்படிப்பட்ட குழந்தை சாதாரணமாக பிறந்தால் கொடியை அறுத்த சில நிமிடங்களில் மூச்சு முட்டி இறந்து விடும். அதற்காக "எக்ஸிட்" என்று ஒரு ஆபரேஷன். சிசேரியன் போல வயிற்றை திறந்து குழந்தையின் தலையையும் தோளையும் மட்டும் வெளியே எடுப்பார்கள். மீதி உடம்பு உள்ளேயே இருக்கும். கர்ப்பப்பை சுருங்காமல் மயக்க மருந்தால் தளர்த்தி வைத்திருப்பார்கள். கொடி வழியாக அம்மாவின் ஆக்சிஜன் வந்து கொண்டே இருக்கும். அந்த அவகாசத்தில் குழந்தையின் தொண்டையில் குழாய் இறக்குவார்கள், முடியாவிட்டால் கழுத்தில் துளை போடுவார்கள். மூச்சு பாதை கிடைத்த பிறகுதான் கொடியை அறுப்பார்கள். மகப்பேறு டாக்டர், மயக்க டாக்டர், குழந்தை அறுவை சிகிச்சை நிபுணர், காது மூக்கு தொண்டை நிபுணர் என்று ஒரு படையே ஆபரேஷன் தியேட்டரில் நிற்க வேண்டும். ஸ்கேனில் முன்கூட்டியே தெரியாமல் இதை ஏற்பாடு செய்யவே முடியாது.

மாலை சுற்றி இருக்கா?

"கழுத்தில் கொடி சுற்றி இருக்கிறது" என்று ரிப்போர்ட்டில் பார்த்து விட்டு தாய்மாமனுக்கு ஆகாது என்று பரிகாரம் தேடி ஓடுகிறவர்கள் உண்டு. இது கழுத்தின் குறையே அல்ல. பிரசவ நேரத்தில் சுமார் நான்கில் ஒரு குழந்தைக்கு கொடி கழுத்தை சுற்றித்தான் இருக்கிறது. குழந்தை உள்ளே உருண்டு புரளும்போது சுற்றும், அவிழும். பெரும்பாலும் பிரசவ நேரத்தில் டாக்டரோ நர்சோ விரலால் எடுத்து விட்டு விடுவார்கள். இதற்காக மட்டும் சிசேரியன் தேவை இல்லை. மாமன்மார் நிம்மதியாக இருக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1971 கருக்கலைப்பு சட்டத்தில் 20 வாரம்தான் எல்லை. ஐந்தாம் மாத ஸ்கேன் ரிப்போர்ட் கைக்கு வருவதும் எல்லை முடிவதும் ஒரே சமயத்தில் நடந்தது. 2008-ல் மும்பை ஐகோர்ட்டுக்கு ஒரு தம்பதி போய் அனுமதி கிடைக்காமல் திரும்பியது நாடு முழுக்க பேச்சானது. 2021 செப்டம்பர் 24 முதல் திருத்திய சட்டம் அமலுக்கு வந்தது. 20 வாரம் வரை ஒரு டாக்டரின் ஒப்புதல் போதும். 20 முதல் 24 வாரம் வரை குறிப்பிட்ட வகையினருக்கு, இரண்டு டாக்டர்கள் ஒப்பு கொள்ள வேண்டும். கருவில் கடுமையான குறை இருப்பதும் அந்த வகைகளில் ஒன்று. 24 வாரத்துக்கு மேல் என்றால் கணிசமான குறை இருப்பதாக மருத்துவ வாரியம் சொல்ல வேண்டும். மனு கிடைத்த 3 நாளில் வாரியம் கருத்து சொல்ல வேண்டும் என்பது விதி.

18 வயது நிரம்பிய பெண்ணுக்கு அவரது சம்மதம் மட்டும் போதும். கணவர் கையெழுத்தோ மாமியார் அனுமதியோ சட்டப்படி தேவை இல்லை. அதே போல அவர் வேண்டாம் என்றால் யாரும் கட்டாயப்படுத்தவும் முடியாது.

முகத்தை காட்டலாம், ஆணா பெண்ணா என்று மட்டும் சொல்ல கூடாது. 1994-ம் ஆண்டு சட்டப்படி அதற்கு 3 ஆண்டு வரை சிறை. "4டி-யில் பாப்பா முகம் பாருங்கள்" என்று போட்டோ போட்டு தரும் சென்டர்கள் இருக்கின்றன. ஆசைக்கு வைத்து கொள்ளலாம். ஆனால் அந்த அழகு படம் வேறு, உறுப்பு உறுப்பாக பார்க்கும் அனாமலி ஸ்கேன் வேறு. ஒன்றை எடுத்து விட்டு இன்னொன்றை தவிர்க்க முடியாது.

ஒரு குழந்தை பிளவோடு பிறந்த வீட்டில் அடுத்த குழந்தைக்கும் வருமா என்ற பயம் இருக்கும். அப்பா, அம்மா இருவருக்கும் அந்த குறை இல்லாவிட்டால் வாய்ப்பு 100-க்கு 3 முதல் 5 வரைதான். பழைய ரிப்போர்ட்டை பத்திரமாக வைத்திருந்து அடுத்த முறை முதல் ஸ்கேனிலேயே காட்டுங்கள். டாக்டர் உதட்டை குறி வைத்து பார்ப்பார்.

ஸ்கேன் நார்மல் என்று வந்தவர்களுக்கும் ஒரு வேலை உண்டு. பிரசவம் ஆனதும் குழந்தையின் வாய்க்குள் விரலை விட்டு தடவி பார்த்தால் மட்டும் போதாது. நாக்கை அமுக்கி, டார்ச் அடித்து, உள்நாக்கு வரை கண்ணால் பார்க்க வேண்டும். ஸ்கேன் நிழலில் மறைந்த அண்ண பிளவு அப்போதுதான் சிக்கும். வார்டுக்கு வரும் குழந்தை டாக்டரிடம், "அண்ணத்த டார்ச் அடிச்சு பாத்தாச்சா சார்?" என்று கேளுங்கள். தப்பாக நினைக்க மாட்டார்.